காலிப் பாட்டிலுக்கு விலை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டாஸ்மாக் கடைகளில் மது பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் முன்பணம் வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டத்தால் ஊழியர்கள் படும் சிரமம் பற்றிய செய்தியை உங்கள் இதழில் படித்தேன். வைக்க இடம் இல்லை, கூடுதல் ஆள் இல்லை என்று அவர்கள் சொல்வது முழுக்க நியாயம். அதற்காகத் திட்டமே வேண்டாம் என்று சிலர் பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். நான் கடை வைத்த புதிதில் குளிர்பானம் பெரும்பாலும் கண்ணாடி பாட்டிலில்தான் வரும், பெட்டிக்கு 24. காலிப் பெட்டியைக் கொடுத்தால்தான் நிறைந்த பெட்டி வண்டியிலிருந்து இறங்கும். ஒரு பாட்டில் குறைந்தாலும் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களிடம் நானும் முன்பணம் வாங்கிக்கொண்டு, காலி வந்ததும் திருப்பித் தருவேன். எங்கள் தெருவில் பாட்டில் கிடந்து நான் பார்த்ததில்லை. யாராவது திண்ணையில் மறந்துவிட்டுப் போனாலும், ஒரு சிறுவன் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்துவிடுவான்.

பிளாஸ்டிக் பாட்டில் வந்ததும் நிறுவனங்களுக்குக் கழுவும் செலவும் காலியை ஏற்றிப் போகும் செலவும் மிச்சம். ஆனால், அந்தச் செலவு எங்கும் போய்விடவில்லை. நகராட்சிக் குப்பை வண்டியின் தலையிலும், கால்வாய் அடைப்பை எடுக்கும் தொழிலாளியின் தலையிலும் வந்து விழுந்தது. கட்டுபடியாகுமா என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

எல்லாவற்றையும் கண்ணாடிக்கு மாற்றச் சொல்லவில்லை. கண்ணாடி கனம், கழுவத் தண்ணீர் வேண்டும், ஏற்றிச் செல்ல டீசல் வேண்டும். கோலி சோடா உள்ளூரிலேயே அடைக்கப்பட்டு, சைக்கிளில் வந்து, காலியும் அதே சைக்கிளில் திரும்பியதால் கட்டுபடியானது. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் பிளாஸ்டிக்தான். நல்ல கேன் ஒன்று குப்பையில் கிடந்து யாராவது பார்த்திருக்கிறோமா? முன்பணம் கட்டியிருக்கிறோம், அதனால் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

நீலகிரியில் நடந்ததும் இதுதான். காட்டில் வீசப்படும் மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. ஜெர்மனியில் 2003 முதல் இப்படித்தான் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கும் முன்பணம் வாங்குகிறார்கள்; இன்று பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட்.

தினமும் காலையில் கடை வாசலைப் பெருக்கும்போது அள்ளுவதெல்லாம் ஷாம்பு பாக்கெட்டும் சிப்ஸ் உறையும்தான். தண்ணீர் பாட்டிலையும் அட்டைப்பெட்டியையும் எடை போட்டு வாங்கும் பழைய சாமான் வியாபாரி, இவற்றை மட்டும் கையாலேயே ஒதுக்கிவிடுகிறார். பல அடுக்குகள் ஒட்டிய உறை, பிரித்து உருக்க வழியில்லை, எடையும் நிற்காது. தினக்கூலி வாங்குகிறவர் கையில் இருக்கும் சில்லறைக்கு ஷாம்பு வாங்க முடிவது இந்தப் பாக்கெட்டால்தான் என்பதும் எனக்குத் தெரியும். தடை செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால், காலி உறைக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. இத்தனை ஆண்டுகளில் எந்த நிறுவனத்தின் ஆளும் என் கடைக்கு வந்து காலி உறையைக் கேட்டதில்லை.

குளிர்பானம், தண்ணீர் பாட்டில்களுக்கும் அரசு முன்பணம் விதிக்கட்டும். வாங்கி வைக்கும் கடைக்காரருக்கும் டாஸ்மாக் ஊழியருக்கும் பாட்டிலுக்கு இவ்வளவு என்று கூலியை நிறுவனங்களே தரட்டும். வாரம் ஒருமுறை வண்டி தவறாமல் வரட்டும். பழைய பாட்டில் பெட்டிகளை அடுக்கிய மூலை என் கடையில் இன்னும் இருக்கிறது. நாளைக்கே ஒழித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
திண்டிவனம்.