எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஒரு வண்டி: ரயில்வே அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். ஆரியங்காவிலிருந்து எழுதுகிறேன். ஊர் கேரளத்தில் இருந்தாலும் எங்களில் பலருக்கு வீட்டுப் பேச்சு தமிழ்தான். சொந்தபந்தம் செங்கோட்டை, தென்காசிப் பக்கம். வேலை தென்மலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது கணவாய் வழியே போகும் கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதை.

அகலப் பாதை வேலைக்காக 2010 செப்டம்பரில் மலைப்பகுதியில் வண்டி நின்றது. முழுப் பாதையும் திரும்பத் திறந்தது 2018-இல். அந்த எட்டு வருஷமும் அம்மாவை வைத்தியத்துக்குத் திருநெல்வேலி கூட்டிப்போகும்போதெல்லாம், மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுத்தபடியே வருவார். வேலை நல்லதற்குத்தான் நடந்தது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வண்டி இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

2020-இல் 109 தடங்களில் 151 தனியார் ரயில்கள் ஓட்ட அழைப்பு விட்டீர்கள். 35 வருஷ ஒப்பந்தம். கட்டணம் எவ்வளவு என்று நிறுவனமே முடிவு செய்யலாம்; எந்தெந்த ஸ்டேஷனில் நிற்பது என்பதிலும் அதற்குச் சுதந்திரம். ஏலத்துக்குப் போதிய ஆள் வராமல் அது நின்றுபோனது. ஆனால் அந்த யோசனை மறுபடி வரும் என்றுதான் நினைக்கிறேன். வரும்போது ஒப்பந்தத்தில் சேவைக் கடமையையும், அதாவது லாபம் குறைந்தாலும் சின்ன ஸ்டேஷனிலும் நிற்க வேண்டும், கட்டணம் ஏழைக்கு எட்ட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

லாபத்துக்கு வருகிறவனிடம் இதைக் கேட்கலாமா என்பார்கள். தாராளமாகக் கேட்கலாம். பாதை யாருடையது என்று பாருங்கள். 1904-இல் இந்த மலையைக் குடைந்து, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் கட்டி ரயில் விட்டபோது, தென்னிந்திய ரயில்வே கம்பெனி அதைத் தனியாகச் செய்யவில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானமும் மதராஸ் மாகாண அரசும் கூடவே நின்றன. அதற்கும் முன்னால் இந்தியாவில் முதல் பாதைகளைப் போட்ட கம்பெனிகளுக்கு 5 சதவீத வருமானத்துக்கு அரசே உத்தரவாதம் கொடுத்தது. குறைந்ததை ஈடுகட்டியது குடிமக்களின் வரிப்பணம். இன்றைய அகலப் பாதையும் நம் எல்லோருடைய பணம்தான். அதன்மேல் வண்டி ஓட்டிப் பணம் பார்ப்பவருக்குக் கடமை இல்லாமல் எப்படிப் போகும்?

தனியார் கம்பெனிகளே ரயில் ஓட்டிய பிரிட்டனில், 1844-லேயே சட்டம் போட்டார்கள். தினம் ஒரு வண்டியாவது எல்லா ஸ்டேஷனிலும் நிற்க வேண்டும், மணிக்கு 12 மைலுக்குக் குறையக் கூடாது, மூன்றாம் வகுப்புக்கும் கூரை வேண்டும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது. ஏழைத் தொழிலாளிக்காக வந்த சட்டம் அது. ஆரியங்காவு, இடப்பாளையம், தென்மலை, எடமண் ஸ்டேஷன்களில் நிற்கிறவர்களுக்கு இன்றைக்கும் தேவை இதேதான்.

நட்டத்தை நிறுவனத்தின் தலையில் கட்டச் சொல்லவில்லை. ஐரோப்பிய நாடுகளில் இத்தனை வண்டி, இந்தக் கட்டணம், அதற்கு அரசு தரும் ஈடு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகிறார்கள். அப்படிச் செய்யலாம். ஆனால் எழுதினால் மட்டும் போதாது. அமெரிக்காவில் 1971-இல் ஆம்ட்ராக் என்ற அரசு பயணிகள் ரயில் நிறுவனம் வந்ததும், பெரும்பாலான தனியார் கம்பெனிகள் பாதையையும் சரக்கு வண்டியையும் வைத்துக்கொண்டு பயணிகள் வண்டியிலிருந்து கழன்றுகொண்டன. சரக்கு வண்டியை நிறுத்தியாவது ஆம்ட்ராக்குக்கு வழிவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இருந்தும் அந்த வண்டிகள் சரக்கு வண்டிகளுக்காகக் காத்துக் கிடக்கும் புகார் இன்னும் ஓயவில்லை. அதனால் மீறினால் எவ்வளவு அபராதம், யார் வசூலிப்பார் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அப்புறம், வண்டியை நிறுத்தும் விஷயம். அமெரிக்காவில் ஒரு பாதையைக் கைவிட வேண்டுமானாலும் கம்பெனி அரசு வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். இங்கேயும் ஒரு வண்டியையோ நிறுத்தத்தையோ எடுக்கும் முன், ஆறு மாதத்துக்கு முன்பே அந்தந்த ஸ்டேஷனில் தமிழிலும் மலையாளத்திலும் அறிவிப்பு ஒட்டி, ஊர்க்காரர்களை நேரில் வந்து கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆரியங்காவுப் பயணி ஒருவர்