நான்காம் பாகத்தைத் தந்த அம்மையாருக்கு

மியான்மரின் யாங்கோன் (ரங்கூன்) நகரில், பன்சொடான் சாலையின் பழைய புத்தகக் கடைகளில், காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் நிகழும் காதல் நாவல் தொடரின் நான்காம் பாகத்தை நான் தேடியலைந்ததைக் கவனித்து, பெயர்கூடச் சொல்லாமல், தம் சொந்தப் படியைக் கடைக்காரரிடம் எனக்காகக் கொடுத்துச் சென்ற அம்மையாருக்கு மனமார்ந்த நன்றி. 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபின் கோயில் வகுப்புகளிலும் வீட்டிலும் தமிழ் எழுத்துப் பழகிய குடும்பங்களுக்கு, இத்தகைய நூல் கைக்கு வருவதே பெரும்பேறு.

பூக்கடையில் முழம் அளந்தபடியே கதாநாயகி கடிதத்தை வாழையிலைக்கடியில் மறைக்கும் பக்கத்தின் ஓரத்தில், "இங்கே நிறுத்தாமல் படியுங்கள்" என்று தாங்கள் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். அவ்வாறே விடியும்வரை படித்தேன். தொடரிலேயே மிகச் சிறந்த பாகம் இதுதான். ஐந்தாம் பாகம் என்னிடம் உள்ளது. தங்களுக்காக அதே கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன், அம்மா.