கடலில் நின்றதைச் சொல்லிவிடு

அன்புள்ள செந்திலுக்கு, அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படங்களை அப்பா போனில் பெரிதாக்கிக் காட்டினார். தாம்பா கடற்கரை, உன் கூட்டாளிகள், ஐஸ் மேல் பரப்பி வைத்த, வேகவைக்காத பச்சைச் சிப்பி, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. அடுத்த படத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு கீறலோடு தண்ணீரில் நிற்கிறாய். நீ இளைத்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். என் கண் அந்தச் சிப்பியையும் கீறலையும் விட்டு நகரவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் லேப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1992-ல், சென்னையில் ஓ139 என்ற புதுவகைக் காலரா தலைகாட்டியது. அப்போது எங்களுக்கெல்லாம் விப்ரியோ என்ற கிருமிக் குடும்பம் என்றால் காலராதான். அந்தக் குடும்பத்தில் வேறு பிள்ளைகளும் உண்டு என்பது மெல்லத்தான் மனதில் பதிந்தது. இந்தக் கிருமிகளை வளர்த்துப் பார்க்க டிசிபிஎஸ் என்று ஒரு கரும்பச்சைத் தட்டு வைத்திருப்போம். அதில் காலராக் கிருமி மஞ்சள் புள்ளியாக முளைக்கும். அதன் உடன்பிறப்பு பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாகவே நிற்கும். இன்னொரு உடன்பிறப்பான வல்னிஃபிகஸும் பெரும்பாலும் பச்சைதான். பாராஹீமோலிட்டிகஸ் 1950-ல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாக உலர்த்திய குட்டி மீனைத் தின்றவர்களிடம் பிடிபட்டது. அதில் 20 பேர் இறந்தார்கள். ஆனால் அது பெரும்பாலும் வயிற்றைக் கலக்கி, இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும். உன்னை நினைத்து நான் பயப்படுவது வல்னிஃபிகஸுக்குத்தான்.

அது சாக்கடையிலிருந்து வருவதில்லை, தம்பி. சுத்தமான கடலிலும் அது இயல்பாகவே குடியிருக்கும். உப்பு வேண்டும், ஆனால் ரொம்ப உப்பு வேண்டாம். ஆற்றுத்தண்ணீர் கலக்கிற முகத்துவாரம், வெதுவெதுப்பான கடல், இதுதான் அதற்குப் பிடித்த இடம். உன் தாம்பா விரிகுடா கோடையில் அப்படித்தான் இருக்கும். 2022-ல் இயன் புயல் வந்தபோது உங்கள் ஃப்ளோரிடா மாநிலத்திலேயே, லீ கவுண்டியில், வெள்ளத்தில் நின்றவர்களுக்கு இந்தக் கிருமி புண் வழியாக ஏறியது. சிப்பி கடல்நீரை உறிஞ்சி வடிகட்டித்தான் பிழைக்கிறது. அதனால் தண்ணீரில் உள்ள கிருமி அதன் சதையில் சேர்ந்துகொள்ளும். நாற்றம் வராது, ருசி மாறாது. எலுமிச்சை பிழிந்தாலும் சாகாது, காரச் சட்னியிலும் சாகாது, ஐஸில் வைத்தாலும் சாகாது.

உன் கூட்டாளிகள் தின்றுவிட்டு நன்றாக இருக்கலாம். நீ அவர்கள் இல்லை. உனக்குச் சர்க்கரை இருக்கிறது, போன வருஷ ஸ்கேனில் ஈரலில் கொழுப்பும், ஈரல் ரிப்போர்ட்டில் எண்கள் ஏறியும் இருந்தன. இந்தக் கிருமி இரும்புச்சத்துக்கு அலைகிறது. நல்ல ஈரல் உடம்பின் இரும்பைக் கட்டி வைத்துக்கொள்ளும்; ஈரல் கெட்டால் அது ரத்தத்தில் அவிழ்ந்து திரியும், கிருமிக்கு விருந்தாகிவிடும். வல்னிஃபிகஸ் பிடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் இறக்கிறார், சிலர் ஓரிரு நாளிலேயே. ரத்தத்தில் ஏறிவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. தெரிந்துகொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வருஷம் ஆடி அமாவாசை முடிந்த மூன்றாம் நாள், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் சீழ் லேப்புக்கு வந்தது. சீட்டில் "கால் புண்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நாங்கள் வழக்கமான தட்டுகளில் போட்டோம். வளர்ந்ததைப் பார்த்து, சந்தேகப்பட்டு, மறுபடி சோதித்துப் பெயர் தெரிவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. அதற்குள் காலில் கறுத்த கொப்புளங்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டம்மாவிடம், "எங்கேயாவது போயிருந்தீர்களா?" என்று கேட்டேன். "ராமேஸ்வரம் போய்க் கடலில் முழுகினோம்மா. அவருக்குப் பித்தவெடிப்பு, சர்க்கரை வேற" என்றார். ஆள் பிழைத்தார், முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. மதுரையிலிருந்து கடல் மூன்று நான்கு மணி நேரப் பயணம். புண்ணைப் பார்த்தவர் யாருக்கும் கடல் ஞாபகத்துக்கு வரவில்லை. மாதிரி வந்த அன்றே நான் எழுந்துபோய்க் கேட்டிருக்கலாம். இருபது அடி தூரம்தான்.

அதனால் உன்னிடம் கேட்பது இதுதான். சிப்பியைப் பச்சையாகத் தொடாதே. ஆசையாக இருந்தால் வாய் திறக்கும்வரை கொதிக்கவிட்டு, அப்புறமும் மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம் கொதிக்கட்டும். திறக்காததைத் தூக்கி எறி. உன் அப்பத்தா மீன் குழம்பை எண்ணெய் மிதக்கிறவரை அடுப்பில் வைத்திருப்பார், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கொதியில் எந்த விப்ரியோவும் நிற்காது. மீன் அரிந்த கத்தியாலேயே வெங்காயம் அரியாதே. நண்டு, இறால் ஆயும்போது கையுறை போட்டுக்கொள். முள் குத்திய இடமும் கிருமிக்கு வாசல்தான். புண் இருந்தால், சின்னக் கீறல் ஆனாலும், ஆறுகிறவரை கடலில் இறங்காதே.

அப்படியும் மீறி, கடலுக்குப் போன ஓரிரு நாளில் புண் சிவந்து, வீக்கம் வேகமாகப் பரவி, பார்த்தால் தெரிகிற அளவுக்கு மீறி வலித்தால், அல்லது காய்ச்சலும் குளிரும் வந்தால், விடியட்டும் என்று படுத்துவிடாதே. எமர்ஜென்சிக்குப் போ. போனதும் முதல் வார்த்தையாக, "கடலில் நின்றேன், பச்சைச் சிப்பி தின்றேன், எனக்குச் சர்க்கரை, ஈரல் கோளாறு" என்று சொல். அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திராதே. அந்த ஒரு வரி தெரிந்தால் டாக்ஸிசைக்ளினோடு சேர்த்துச் சரியான ஊசியை அப்போதே தொடங்குவார்கள். தேவைப்பட்டால் சர்ஜனையும் உடனே கூப்பிடுவார்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அப்பா இன்று கரிமேட்டில் விளைமீன் வாங்கி வந்திருக்கிறார். உன் பேச்சாகவே இருக்கிறார். தீபாவளிக்கு வந்தால் அயிரை வாங்கித் தருவதாகச் சொல்லச் சொன்னார்.

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அந்தக் கீறலைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஓரத்தில் சிவப்பு இருந்தால் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு படம். இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா