பாட்டில் வந்த வழி

2 நவம்பர் 2024

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வருகிற 16-ம் தேதியோடு கஜா புயல் அடித்து ஆறு வருஷம். அன்றைக்குச் சாய்ந்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகளில் சில இப்போதுதான் பாளை விட்டிருக்கின்றன. நம் பேராவூரணிப் பக்கத்து ஆட்களுக்கு வயசைக்கூட இனிமேல் கஜாவை வைத்துத்தான் சொல்லவேண்டும்.

உன் மகள் அனுப்பியதாக ஐஸ்லாந்து பற்றி எழுதியிருந்தாயே, அதை செல்வியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். 1998-ல் அங்கே 15, 16 வயசுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையாகும் அளவுக்குக் குடித்தவர்கள். 2016-ல் அது நூற்றுக்கு 5. ராத்திரி இத்தனை மணிக்கு மேல் பிள்ளைகள் வெளியே சுற்றக் கூடாது என்ற சட்டம், பெற்றோர்களே கூட்டமாகத் தெருவில் நடந்து பார்ப்பது, விளையாட்டுக்கும் பாட்டு வகுப்புக்கும் நகராட்சி பணம் கொடுப்பது, இவற்றால்தான் குறைந்ததாம். செல்வி கேட்டுவிட்டு, "இதுல புதுசா என்ன இருக்கு? பெரியவங்க பெரியவங்களா நடந்துக்கிட்டிருக்காங்க, அவ்வளவுதானே" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த "அவ்வளவுதானே"வுக்கு நாங்கள் இங்கே பட்டபாடு உனக்குத் தெரியாதே, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தெற்குத் தோப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். 72 மரத்தில் 60 கஜாவில் போய்விட்டது. வேரைத் தோண்டி எடுத்த பள்ளங்களில் காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. போன மே மாதம் அதைச் சுத்தம் பண்ண ஆள் விட்டேன். ஒரு பள்ளத்தில் மட்டும் 43 காலி குவார்ட்டர் பாட்டில், மசாலாக் கடலைப் பொட்டலம், நசுங்கிய கப்புகள், கூடவே ஒரு ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டு. ஊறுகாய் தொட்ட விரலை அந்த நோட்டுத் தாளில்தான் துடைத்திருக்கிறான்கள். நோட்டில் இருந்த பெயர் என் தம்பி மகனுடைய சின்ன மாமனார் பேரனுடையது. பன்னிரண்டு வயசு.

அவனைக் கூப்பிட்டு மெதுவாக விசாரித்தேன். காலி பாட்டில் பொறுக்கப் போனானாம். நீலகிரியில் 2022-லிருந்து பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று ஒரு திட்டம் வந்ததே, இங்கே பழைய இரும்புக்காரர் கொடுப்பது ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோதான். பரோட்டாவுக்குச் சேர்த்திருக்கிறான். "பெரியப்பா, அடியில கொஞ்சம் கிடந்துச்சு. கசப்பா இருக்கான்னு பாத்தேன்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். அடிப்பேன் என்று நினைத்திருப்பான். எனக்குக் கை எழவில்லை.

மற்ற பாட்டில்களைக் காலி பண்ணிய பையன்கள் ஒன்பதாவதும் பத்தாவதும். அதில் இருவர் நம் தெரு. உடனே ஊரில் எல்லாரும் கடையைத்தான் திட்டினோம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2017-ல் மெயின் ரோட்டிலிருந்த கடை வயலுக்குள் வந்தது உனக்குத் தெரியும். கிராமத்தில் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் 100 மீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்பது விதி. இது இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, விதிப்படி குறை சொல்ல வழியில்லை. 21 வயசுக்குக் கீழே விற்பனை இல்லை என்று போர்டும் தொங்குகிறது.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. இந்தப் பையன்களில் ஒருத்தன்கூடக் கடை வாசலை மிதித்ததில்லை. பிறகு பாட்டில் எப்படி வந்தது? ஒவ்வொருவனாகக் கேட்டோம். ஒருத்தனுக்கு அண்ணன் முறை உள்ள பையன், 23 வயசு, பாட்டிலுக்கு முப்பது ரூபாய் "பெட்ரோல் காசு" வாங்கிக்கொண்டு கொண்டுவந்து தருவான். ஒருத்தன் அப்பாவின் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு தண்ணீர் கலந்து வைத்திருக்கிறான். அப்பனுக்கு அது இரண்டு மாசமாகத் தெரியவில்லை, சரக்கில் கலப்படம் என்று கடைக்காரனிடம் சண்டை போட்டிருக்கிறார்! மூன்றாவது பையனின் பதில்தான் எல்லாருக்கும் வாயை அடைத்தது: போன வருஷ ஆடி மாச மொய் விருந்தில் பந்தி பரிமாறியதற்குக் கூலியாக, பந்தலுக்குப் பின்னால் பெரியவர்களே ஊற்றிக் கொடுத்தார்கள். "கறி வாளி தூக்குற பய, கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்" என்று சொல்லி ஊற்றினார்களாம். ஊற்றியவர் யார் என்று அவன் சொன்னபோது அந்த ஆளும் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

ஜூனில் கள்ளக்குறிச்சி நடந்தது. மெத்தனால் கலந்த சாராயம், 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். டிவியில் வரிசையாக ஒப்பாரி. அதற்குப் பிறகுதான் பெண்கள் வேகமெடுத்தார்கள். செல்வி புதுக்கோட்டைக்காரி அல்லவா, 1991-ல் எழுத்தறிவு சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவள். 1992-ல் நெல்லூர்ப் பக்கம் துபகுண்டா என்ற கிராமத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் சாராயக் கடையை மூடவைத்த கதையை அப்போதே கேட்டிருக்கிறாள். அது ஆந்திரா முழுக்கப் பரவி அடுத்த வருஷம் அங்கே சாராயத்தையே தடை செய்யும்படி ஆனது. ஆனாலும் அவள் கடையை மூடும் போராட்டம் வேண்டாம் என்றாள். "மூடினா இன்னொரு ஊர்ல திறப்பான். நம்ம பய கைக்கு எது வழியா வருதோ அதை முதல்ல அடைப்போம்." சுயஉதவிக் குழுவில் நான்கு நாள் இதே பேச்சு.

அவர்கள் முதலில் கைவைத்தது மொய் விருந்தில். நீ வெளியூரில் இருந்து இருந்து மறந்திருப்பாய்: மொய் என்பது கடன். செய்யமாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, எழுதி வைத்த நோட்டு இருக்கிறது. அதனால் பெண்கள் வேறு மாதிரி முடிவு எடுத்தார்கள். எந்த விருந்தில் பிள்ளைகளுக்குச் சரக்கு ஊற்றுகிறார்களோ, அந்த விருந்தில் மொய்யை எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிவிடுவது. ஆடி இரண்டாவது வாரம் அப்படி ஒரு வீட்டில் நடந்தது. பந்தலுக்குப் பின்னால் பையன்கள் கையில் கப்பைப் பார்த்ததும் 19 பெண்கள் மொய்யெழுதும் மேஜையில் வரிசையாகப் பணத்தைக் கட்டிவிட்டு, இலை போட்டிருந்த பந்தியைப் பார்க்காமல் நடந்துவிட்டார்கள். கறிச்சோறு ஆவி பறக்கக் கிடக்கிறது, இலைக்கு முன்னால் ஆள் இல்லை. விருந்து வைத்தவரின் அம்மா, எண்பது வயசுக் கிழவி, ஓடிவந்து செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நம் ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் எது சொல்லு? அடுத்த மூன்று விருந்திலும் பந்தலுக்குப் பின்னால் பையன்கள் யாரும் இல்லை. பெரியவர்கள் இருந்தார்கள், அது வேறு விஷயம்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். காந்தி ஜெயந்தி, கடைக்கு விடுமுறை, ஆனால் கூட்டத்தில் இரண்டு மூன்று பேரிடம் வாடை வந்தது. முதல் நாளே வாங்கி வைத்திருப்பார்கள். திருச்சியில் சட்டம் படிக்கும் கணேசன் மகள் எழுந்து சிறார் நீதிச் சட்டத்தைப் படித்தாள். 2015-ல் வந்த சட்டம். பிரிவு 77: குழந்தைக்கு மது கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பிரிவு 78: மது வாங்கிவர, எடுத்துவரக் குழந்தையை அனுப்பினாலும் அதே தண்டனை. 18 வயசு நிரம்பாத எல்லாரும் இந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான். அவள் படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்பன்னா ஊர்ல பாதிப் பேரு உள்ளதான் இருக்கணும்." எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே அந்த 23 வயசுப் பையனின் அம்மா வந்து, "அவன் இனிமே போகமாட்டான், கேஸு கீஸுன்னு போயிடாதீங்க" என்று அழுதுவிட்டுப் போனாள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணலாம் என்று சிலர் சொன்னார்கள். செல்வி வேண்டாம் என்றாள், இன்னொரு தடவை கொண்டுவந்தால் நானே பண்ணுவேன் என்றாள். அவள் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

ராத்திரி சுற்றி வருவதுதான் பெரிய கூத்து. ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை டார்ச்சோடு மதகு, பழைய மோட்டார் கொட்டகை, தோப்பு என்று போய்வருவது. முதல் நாள் பதினோரு ஆம்பளைகள் பெயர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வருபவர்கள் வரக் கூடாது என்று பெண்கள் நிபந்தனை போட்டதும் நான்கு ஆனோம். மீதி நாளுக்குப் பெண்களே வருகிறார்கள். யாரையும் பிடிப்பதில்லை, அடிப்பதில்லை. மதகுக்கட்டையில் பையன்கள் உட்கார்ந்திருந்தால் நாங்களும் பக்கத்தில் போய் உட்கார்ந்து தேங்காய் விலை பேசுவோம். அரைமணி நேரம் கிழவனோடு தேங்காய் விலை பேசிய எந்தப் பையனும் அங்கே இருக்கமாட்டான். வீட்டுக்குப் போய்விடுவான்.

தெற்குத் தோப்பில் பள்ளங்களை மூடி மண் அடித்துவிட்டேன். வாலிபால் நெட் கட்டி இரண்டு விளக்கு போட்டிருக்கிறோம். நெட்டும் பந்தும் திருவிழாக் கணக்கில் மிஞ்சிய பணம். கரண்ட் பில்லு என் தலையில். அந்தத் தோப்பில் வருஷத்துக்கு என்ன வருமானம் வந்திருக்கும் என்று என் தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கு சரிதான். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவும் ஒரு நாள் வந்து பேசினார். 15 வயசுக்குள் குடிக்க ஆரம்பித்தவனுக்கு, 21-க்குப் பிறகு ஆரம்பித்தவனைவிட அடிமையாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அமெரிக்காவில் கண்டிருக்கிறார்களாம். மூளை இருபத்தைந்து வயசு வரை வளருமாம். பையன்கள் அதைவிட, அந்தம்மா போட்ட சர்வீஸைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் டீமில் ஆடியவராம்.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைக்காதே. பத்தாவது படித்த இருவரில் ஒருத்தன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு திருப்பூருக்குப் போய்விட்டான். அங்கே அவனை யார் பார்ப்பார்கள்? இன்னும் மூன்று பேர் உதட்டுக்குள் போதைப்பாக்கு வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள், அதற்கு வாடையும் வராது. தீபாவளி அன்றைக்கு அடுத்த ஊரிலிருந்து பாட்டில் வந்தது. இரண்டு பையன்களை ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கிக்கொண்டுபோய் அவரவர் வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்தோம். போன வருஷம் ஒன்பது பேர் என்கிறாள் செல்வி. நான் எண்ணியதில்லை.

போன வாரம் ஒரு வேலை பண்ணிவிட்டேன், உன்னிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். விளையாடி முடித்து உட்கார்ந்திருந்தபோது அந்தக் கணக்கு நோட்டுப் பயல் கேட்டான்: "பெரியப்பா, நீங்க சின்ன வயசுல குடிச்சதே இல்லையா?" இருபது ஜோடிக் கண்ணு என் மேல். பொய் சொல்ல வாய் வரவில்லை. 82-ல் நாம் பத்தாவது படிக்கும்போது போனோமே, அந்தக் கள்ளுக்கடைக் கதையைச் சொன்னேன். 81-ல் திறந்து 87 ஜனவரியில் மூடிய அந்த ஆறு வருஷத்துக்குள் நாம் சரியாகப் போய் மாட்டினோம். உன் தாத்தாவுக்கு என்று பொய் சொல்லி மொந்தையில் வாங்கியது, வாய்க்கால் கரையில் விழுந்து கிடந்தது, வாத்தியார் வீட்டு வண்டிமாடு நம்மை மோந்து பார்த்தது எல்லாம். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவன், "உங்களுக்கு யாரு வாங்கிக் கொடுத்தா?" என்று கேட்டான். கள்ளுக்கடைக்காரர் நம்மை யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தே ஊற்றினார் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் என் அப்பாவின் பங்காளி.

உன் பெயரையும் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு. தை மாசம் ஊருக்கு வரும்போது நிச்சயம் உன்னைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதலில் வாந்தி எடுத்தது நீ என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாற்றிச் சொல்லிவிடாதே.

வரும்போது கோயம்புத்தூரிலிருந்து நல்ல விசில் ஒன்று வாங்கிவா. இங்கே கிடைப்பது இரண்டு நாளில் உள்ளே உருண்டை ஒட்டிக்கொள்கிறது.

உன்
முத்து