முள்ளைப் பாதியில் தூக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அடையாறு மாடியில் கூடும் நம் இசைத்தட்டு வட்டத்துக்கு நான்கு வருடங்களாக வந்துகொண்டிருக்கிறேன். சென்ற மாதம் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை, நீங்கள் மூவரும் அங்கேதான் இருந்தீர்கள். மறுநாள் வாட்சப்பில் வந்த நூறு ஆல்பங்களின் பட்டியலையும், இனி இதற்குள் இருப்பது மட்டுமே ஓடும் என்ற வரியையும் அனுப்பியது நீங்கள்தான். குழுவில் மற்றவர்கள் எழுத முடியாதபடி அன்றே மூடிவிட்டீர்கள். அதனால் இதைப் பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். யாருடைய முறையோ, அவர் கொண்டுவரும் தட்டை இரண்டு பக்கமும் முழுதாக ஓட விடுங்கள்.

பெரம்பூரிலிருந்து வரும் பெரியவரை நாம் எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறோம். ரயில்வே லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் முறைக்காகப் பதினொரு மாதம் காத்திருந்தார். அன்று 29சி பேருந்தில், உட்கார இடம் கிடைக்காமல் பாதி தூரம் நின்றுகொண்டு, ஒரு எல்.பி.யை, அதாவது இரண்டு பக்கமும் பாட்டுள்ள பெரிய இசைத்தட்டை, குற்றாலத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அமெரிக்கப் பாடகர்களான கார்பென்டர்ஸ் அண்ணன் தங்கையின் 1973ஆம் வருடத்து ஆல்பம், 'நவ் அண்ட் தென்'. மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே பழைய தட்டுக் கடையில் வாங்கியதாம். அவர் வீட்டு பிளேயரில் தட்டின் மேல் ஓடும் முள் தேய்ந்து ஆறு வருடமாகிறது. அந்த மாடலுக்கு இப்போது முள் கிடைப்பதில்லை. நம்மிடம் இருக்கும் நல்ல பிளேயரில் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. படியேறும்போதே என்னிடம் சொன்னார்: "தம்பி, ரெண்டாவது பக்கம்தான் விஷயமே."

அந்த இரண்டாவது பக்கம் வரவே இல்லை. முதல் பாட்டில் குழந்தைகள் கூடச் சேர்ந்து பாடியதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவதாக வருவது பாடலே இல்லாத வாத்திய இசை. அது தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உங்களில் ஒருவர் எழுந்து, "இது லிஃப்டில் போடுற மியூசிக், நமக்கு நேரம் இல்லை" என்று சொல்லி முள்ளைத் தூக்கினார். "1973 என்றால் இதுதான்" என்று பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 'டார்க் சைடு ஆஃப் த மூன்' தட்டைப் போட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தட்டை உறையில் போட்டு, துண்டில் மறுபடி சுற்றி, கடைசிவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது நாற்காலியை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் போனார்.

அந்த இரண்டாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் கை போயிருக்காது என்று நம்ப விரும்புகிறேன். பழைய ரேடியோப் பாட்டுகளை நினைத்து ஏங்கும் ஒரு பாட்டோடு அது தொடங்குகிறது. அதன் பிறகு இடைவெளியே இல்லாமல் அறுபதுகளின் பாட்டுகள் ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்றாக வரும். அவர்களுடைய கிதார்காரர் டோனி பெலூசோ ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி நடுநடுவே பேசுவார். கடைசியில் தொடங்கிய பாட்டுக்கே திரும்பி வந்து முடியும். ஒரு பக்கம் முழுக்க ஒரே ஒரு ரேடியோ நிகழ்ச்சி. தனித்தனியாகப் பிய்த்தெடுத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. அதில் வரும் பாடகி ஸ்கீட்டர் டேவிஸின் பாட்டைப் பெரியவர் பதினாறு பதினேழு வயதில், பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் சிலோன் ரேடியோவில் கேட்டவர். அப்படிக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அந்தப் பக்கம் என்னவாக இருக்கும்? நாம் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். இருபது நிமிடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குக் கார்பென்டர்ஸ் பிடிக்காது. அந்த வயலின் கூட்டமும் வழுவழுப்பும் எனக்குத் திகட்டும். பர்மா பஜாரில் வாங்கிய லெட் செப்பலின் ராக் குழுவின் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவன் நான். நீங்கள் மாற்றிப்போட்ட பிங்க் ஃபிளாய்ட் தட்டு எனக்கு உயிர். அன்றைக்கு அதையே என்னால் கேட்க முடியவில்லை. இரண்டு வருடம் முன்பு என் முறையில் அதே தட்டைப் போட்டபோது பெரியவர் என் பக்கத்தில்தான் இருந்தார். கடிகாரங்கள் எல்லாம் சேர்ந்து அடித்ததும், "எதுக்குத் தம்பி இத்தனை கடிகாரம்? எங்க ஷெட்ல ஒரே சங்குதான், எல்லாரும் கரெக்டா வந்துடுவோம்" என்றார். அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் கடைசி இதயத் துடிப்பு அடங்கும் வரை எழுந்திருக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தச் சொல்லில்லாத பெண் குரல் மட்டும் நன்றாக இருந்தது என்றார். அவர் சொன்ன பிறகுதான் கிளேர் டோரியின் அந்தக் குரலை நான் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கினேன். பிடிக்காதவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதால் எனக்குக் கிடைத்தது அது. இந்த வட்டத்துக்கு நான் வருவதே அதற்காகத்தான். எனக்குப் பிடித்ததை மட்டும் கேட்க வீடு போதும்.

பட்டியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோன் 2003இல் போட்ட 500 சிறந்த ஆல்பங்களில் இருந்துதான் உங்கள் நூறில் பெரும்பகுதி வந்திருக்கிறது என்பது வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. அதில் முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்'. 2020இல் அதே இதழ் புதிதாக வாக்கெடுத்தபோது அது 24ஆம் இடத்துக்குப் போனது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கு வந்தது. தட்டு மாறவில்லை, வாக்களித்தவர்கள் மாறினார்கள். லெட் செப்பலினின் முதல் ஆல்பம் 1969இல் வந்தபோது இதே இதழ் அதைக் குப்பை என்கிற அளவில் எழுதியது. 2003இல் அதற்கே 29ஆம் இடம் கொடுத்தது. பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' 1966இல் அமெரிக்காவில் பத்தாம் இடத்தைத் தாண்டவில்லை. சொந்தக் கம்பெனியே அதன் மீது நம்பிக்கை இல்லாமல் இரண்டு மாதத்துக்குள் பழைய பாட்டுகளின் தொகுப்பு ஒன்றைக் கடைக்கு அனுப்பியது. 1969இல் நம் வட்டம் இருந்து, அன்றைய விமர்சனங்களை வைத்து நீங்கள் பட்டியல் போட்டிருந்தால் என் கேசட்டுக்கு இந்த மாடியில் இடமிருந்திருக்காது.

உங்கள் நூறில் கரோல் கிங்கின் 'டேப்பஸ்ட்ரி' இல்லை. 1971இல் அமெரிக்காவில் 15 வாரம் முதலிடத்தில் இருந்த தட்டு அது. நூறையும் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன், பெண்களின் தட்டு ஐந்துதான். கிதார் சத்தமாக இருந்தால் கனமான இசை, ஒரு பெண் மென்மையாகப் பாடினால் லிஃப்ட் இசை என்பது எந்தக் கணக்கு? அன்று நீங்கள் பாதியில் நிறுத்திய தட்டில் பெரும்பாலான பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்ததும் அதில் பாடிய தங்கை கேரன் கார்பென்டர்தான். அதைச் சொல்லவும் அன்று யாருக்கும் இடம் தரவில்லை.

எம்.எஸ்.வி.யா ராஜாவா என்று டீக்கடையில் நம் ஊர்க்காரர்கள் தொண்டை வறளச் சண்டை போட்டிருக்கிறார்கள். பாட்டு ஓடும்போது ரேடியோவை யாரும் அணைத்ததில்லை. போனில் இன்று எல்லோரும் பத்து விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள். வரிசையைக் கலைத்துப் போடுவதற்கென்றே ஒரு பொத்தான் வேறு இருக்கிறது. ஒரு தட்டை அதைச் செய்தவர்கள் வைத்த வரிசையில், எழுந்து போய்த் திருப்பிப் போட்டு, கடைசிவரை கேட்க இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்து மிச்சமிருக்கும் இடம் நம் மாடிதான். அங்கேயும் முள்ளைப் பாதியில் தூக்கினால் நாம் எங்கே போவது?

கோபத்தில் கொஞ்சம் அதிகம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி போடுவதிலிருந்து ஸ்பீக்கர் ஒயர் சுற்றுவதுவரை நீங்கள் மூவரும் செய்கிற வேலை எனக்குத் தெரியும். அதற்கு நன்றியும் உண்டு. அதனால்தான் வேறு வட்டம் தேடாமல் உங்களிடமே கேட்கிறேன். பட்டியலைத் திரும்பப் பெறுங்கள். அவரவர் முறையில் அவரவர் தட்டு, இரண்டு பக்கமும் முழுதாக. பிடிக்காதவர்கள் முடிந்த பிறகு சண்டை போடட்டும், முதல் ஆளாக நானே போடுகிறேன்.

இன்னொன்று. வரும் ஞாயிறு என் முறை. அதைப் பெரியவருக்கு விட்டுத்தருகிறேன். நான் போன் செய்தேன். "பரவாயில்ல தம்பி, விடுங்க" என்று வைத்துவிட்டார். அவரை நிறுத்தியது நானில்லை என்பதால் நான் கூப்பிட்டு அவர் வரமாட்டார். உங்களில் முள்ளைத் தூக்கியவர் கூப்பிட வேண்டும். அவருடைய எண் உறுப்பினர் நோட்டில் இருக்கிறது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குவார், நான்கு மணிக்கு மேல் பேசுங்கள். தட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். 29சி-யில் நிற்க வேண்டாம், நான் பெரம்பூர் போய் வண்டியில் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
வட்டத்தின் உறுப்பினர் ஒருவன்