நாளைக்கு ஒன்பதரைக்கு, அக்கா

அக்கா,

நீங்கள் அந்தப் படியில் விழுந்து நாளையோடு ஒரு வருஷம். என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டிய மற்றதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், எடுத்திருந்தால். உங்கள் பேத்தி நான் இங்கே எழுதுவதைப் படிக்கிறாள் என்று தெரியும். போன மாதம் வர்க்கி பிஸ்கட் படம் போட்டபோது இதயம் போட்டிருந்தாள். கண்ணு, பாட்டிக்கு இதை வாசித்துக் காட்டு. வலது பக்கம் உட்கார்ந்து மெதுவாக வாசி, இடது காது கொஞ்சம் மந்தம்.

நம் நாற்காலிப் பயிற்சி வகுப்பை மறுபடி ஆரம்பிக்கிறோம், அக்கா. நாளைக்கு. ஆறரைக்கு இல்லை, ஒன்பதரைக்கு. மேல் கூடத்தில் இல்லை, ரோட்டோரம் பால்வாடி வாசலில், வெயில் விழுகிற இடத்தில். ஒரு படிகூடக் கிடையாது.

இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். உங்களுக்கு அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. நானே சொல்லிவிடுகிறேன். ஏழரைக்குக் குழாய்த் தண்ணீர் வரும், அதற்குள் முடித்துவிட்டால் எல்லோருக்கும் வசதி என்றுதான் அன்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் என் பேரனுக்கு ஏழேமுக்காலுக்கு ஸ்கூல் வேன், அவனை ஏற்றிவிட வீட்டில் வேறு ஆள் இல்லை. அதற்காகத்தான் ஆறரை. தேயிலைக் கொழுந்து கருகிப்போகிற உறைபனியில், விடிந்தும் விடியாத நேரத்தில், எழுபது வயதுக்காரர்களைப் பாசி பிடித்த 14 படி ஏறவைத்தேன். படுக்கையிலிருந்து எழுந்ததும் முழங்கால் எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும். எனக்கும் 63 ஆகிறது.

ஆனால் வகுப்பே தப்பு என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. எதற்காக? விழாமல் இருப்பதற்காக. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வருகிற பிசியோதெரபி பெண்ணிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, நானே செய்து பார்த்து, அப்புறம்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுவது, கையை ஊன்றாமல் எழுவது, தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காருவது, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது. ஆட்டம் போடுகிறோம் என்றார்களே, இதில் எது ஆட்டம்? யார் அந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்று இங்கே எழுதமாட்டேன். நம் காலனியில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள்.

உங்களுக்கு நான் மறைத்த இன்னொன்று வகுப்புக் கணக்கு எழுதுகிற நோட்டில் இருக்கிறது. அரை நிமிஷத்தில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறீர்கள் என்று எண்ணுவேனே, நீங்கள் 7இல் ஆரம்பித்து 12க்கு வந்தீர்கள். உங்கள் வயதுப் பெண்களுக்கு 10க்குக் கீழே போனால்தான் கவலை. தொடையில் அவ்வளவு வலு. அதைப் பார்த்து நான் ஏமாந்துவிட்டேன். ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து ஒரே கோட்டில் நிற்பது மட்டும் உங்களுக்கு வரவே இல்லை. 10 நொடி நிற்க முடியாதவர்கள் விழுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று அந்தப் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள். நீங்கள் 4 நொடியில் என் தோளைப் பிடித்துவிட்டீர்கள். பிடித்துக்கொண்டே சொன்னீர்கள்: “மேட்டுல நின்னு கொழுந்து எடுத்த காலு டீச்சர். சமதரையில நிக்கத் தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நோட்டில் 4 என்று எழுதி மூடிவைத்தேன். ‘படியில் வரும்போது யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள்’ என்று அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வருவதையே நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்தேன். அண்ணன் போனபிறகு ஏழெட்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவர் நீங்கள். உங்களை அந்த நாற்காலிவரை கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பயிற்சி அரைமணி நேரம் என்றால் டீயும் பேச்சும் இன்னொரு அரைமணி நேரம். முதல் மூன்று வாரம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். நாலாவது வாரம், டீயில் சர்க்கரை பத்தவில்லை என்றீர்கள். வீட்டுக்கு வந்து என் மருமகளிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

படுகர்கள் ஊரான ஹட்டியிலிருந்து அந்தப் பாட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இந்த வருஷம் முழுக்க அந்த நாள்தான். நீங்கள் விழுந்த காலைகூட மங்கிவிட்டது, இது மங்கவில்லை. அவர்களுடைய ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்குகிற சமயம். பாட்டி வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, குழந்தைக்கு நடை பழக்குகிற மாதிரி, தங்கள் ஆட்டத்தின் அடியை மெதுவாக்கிக் காட்டினார். வட்டமாக நிற்க வேண்டும். முன்னால் வைத்து, பின்னால் எடுத்து, கையை வீசித் திரும்ப வேண்டும். அவசரமே இல்லாத ஆட்டம். எண்பது வயதுக்காரர்களும் வட்டத்தில் நின்று ஆடுவதற்காகவே பிறந்த ஆட்டம் என்று எனக்குத் தோன்றியது. ‘எனக்கு வேணாம்’ என்று நீங்கள் சுவரோரம் போய்விட்டீர்கள். தாலி அறுத்தவள் ஊர் நடுவில் ஆடுவதா என்று நினைத்திருப்பீர்கள். நான் வற்புறுத்தவில்லை.

மூன்றாவது சுற்றில் திரும்பிப் பார்க்கிறேன், நீங்கள் வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். எப்போது வந்தீர்கள் என்று தெரியாது. முந்தானையை இடுப்பில் செருகி, கொழுந்து எடுக்கிற மாதிரி இரண்டு கையும் முன்னால் அசைய, ஒரு பாதத்தில் எடை வைத்து அப்படியே திரும்பினீர்கள், அக்கா. யாரையும் பிடிக்கவில்லை. நாற்காலி உங்களுக்கு ஐந்தடி தள்ளி இருந்தது. பாட்டி உங்களைப் பார்த்து அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். இலங்கையை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது விட்டுவந்த தோழிகளைப் பற்றி எங்களிடம் முதல் தடவையாகப் பேசியது அன்றைக்கு டீ குடிக்கும்போதுதான்.

அடுத்த மாதம், தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது, அந்தப் படி.

ஆம்புலன்சில் கோயம்புத்தூர்வரை என் மடியில்தான் உங்கள் தலை இருந்தது. ‘டீச்சர், என்னாலதான, வகுப்பை நிறுத்திறாதீங்க’ என்றீர்கள். அப்படிச் சொன்னவர் அப்புறம் ஒரு தடவைகூட ஏன் என்னோடு பேசவில்லை? சித்திரையில் மூன்று பஸ் மாறி, நீங்கள் இப்போது இருக்கிற திருப்பூர் வீட்டுக்கு வந்தேன். தூங்குகிறீர்கள் என்றார்கள். உள்ளே நீங்கள் இருமுவது கேட்டது. உங்கள் இருமலை எனக்குத் தெரியாதா? பையிலிருந்த டீத்தூளையும் வர்க்கியையும் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மேட்டுப்பாளையம் வரும்வரை அழுதேன், பர்லியார் தாண்டும்போது கோபம்தான் இருந்தது. காலை நான் உடைக்கவில்லை, அக்கா. ஒரு வார்த்தை, ‘டீச்சர் வேண்டுமென்று செய்யவில்லை’ என்று உங்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி. அவர்கள் வீட்டில் அவர்கள் கையால் சாப்பிடுகிறவர் எதைப் பேச முடியும், எதைப் பேச முடியாது என்று எனக்குப் புரியாமல் இல்லை. உங்களை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குமேல் இதில் எழுதவில்லை.

படிக்கு இப்போது இரும்புப் பைப்பில் கைப்பிடி போட்டாகிவிட்டது, 14 படிக்கும். ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டோம். கூடத்துக்குப் போகாவிட்டாலும் தண்ணீர் எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும். பேரனை வேனில் ஏற்ற எதிர்வீட்டுப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். கேட்ட உடனே சரி என்றான், அக்கா. ஒரு வருஷத்துக்கு முன்னால் அவனிடம் நான் கேட்கவே இல்லை.

அங்கே எழுந்து நடக்கிறீர்களா? வாக்கர் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். டாக்டர் எவ்வளவு அனுமதித்திருக்கிறாரோ அவ்வளவு செய்யுங்கள், ஆனால் கட்டிலிலேயே இருக்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம், முழங்காலை நீட்டி மடக்கலாம். பேத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள், இப்போதைக்குக் கையை ஊன்றியே. கண்ணு, நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும், சக்கரம் வைத்தது கூடாது. எத்தனை தடவை என்று எண்ணி எனக்கு எழுது. நோட்டில் பாட்டியின் பக்கத்தை நான் கிழிக்கவில்லை.

இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவேன். திட்டுவதென்றாலும் எடுத்துத் திட்டுங்கள். நீங்கள் பேசாவிட்டாலும் போனைக் காதில் வைத்திருங்கள், வலது காதில்.