பாட்டெழுதியவர் பெயர் எங்கே?

மேலைச் செவ்வியல் பாடல் கச்சேரி நடத்துவோருக்கும், அதன் நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுப்போருக்கும்,

வணக்கம். ‘மோர்கன்!’ (‘நாளை!’) என்ற ஜெர்மன் பாடல் உங்கள் நிரல்களில் அடிக்கடி வருகிறது. இசையமைத்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் பெயர் இருக்கும். பாடுபவர், பியானோ வாசிப்பவர் பெயர்களும் இருக்கும். எழுதிய ஜான் ஹென்றி மெக்கேயை மட்டும் காணோம்.

மெக்கே 1864இல் ஸ்காட்லாந்தின் கிரீனக்கில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட, ஜெர்மானியரான தாய் அவரைத் தம் நாட்டுக்கே கூட்டிப்போனார். ஜெர்மன் மொழியிலேயே எழுதி, 1933இல் பெர்லினில் காலமானார். ஸ்ட்ராஸும் அதே 1864இல் பிறந்தவர்தான்; இருவருக்கும் பழக்கம் உண்டு. 1894இல் மணப்பெண் பௌலினாவுக்கு ஸ்ட்ராஸ் கொடுத்த திருமணப் பரிசு ஓபஸ் 27 (ஓபஸ் என்பது இசைப் படைப்பின் வரிசை எண்). அதன் நான்கு பாடல்களில் இரண்டு மெக்கேயுடையவை.

பிழை நுழைவதும் அங்கேதான். முதல் பாடல் கார்ல் ஹென்கெலுடையது, இரண்டாவது ஹைன்ரிஷ் ஹார்ட்டுடையது, மூன்றும் நான்கும் மெக்கேயுடையவை; நான்காவதுதான் ‘மோர்கன்!’. ‘நான்கு பாடல்கள், ஸ்ட்ராஸ்’ என்று ஒரே தலைப்பில் அடைத்தால் மூன்று கவிஞர்களும் ஒருசேரக் காணாமல் போகிறார்கள். ஒவ்வொரு பாடலுக்கும் கீழே தனி வரி கொடுங்கள்: ‘மோர்கன்!’ என்றால், கவிதை: ஜான் ஹென்றி மெக்கே (1864–1933), இசை: ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், ஓபஸ் 27, எண் 4. வாத்தியக்குழு வடிவம் என்றால் 1897 என்றும் சேருங்கள். அதில் முன்னிசை தனி வயலினுக்குப் போகிறது.

மொழிபெயர்த்தவர் பெயரும் வேண்டும். இறந்து 70 ஆண்டு என்ற கணக்குள்ள நாடுகளில் மெக்கேயும் ஸ்ட்ராஸும் காப்புரிமை தாண்டிவிட்டார்கள். நீங்கள் எடுத்தாளும் மொழிபெயர்ப்பு தாண்டியிருக்க வேண்டியதில்லை, அனுமதி கேளுங்கள்.

கவிதை எட்டே வரி. மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிரான இரு பக்கங்களில் அடங்கிவிடும். பக்கம் திருப்ப வைத்தால், மௌனத்தைப் பாடும் கடைசி வரியில் அரங்கம் முழுக்கக் காகிதம் சலசலக்கும். விளக்கை முழுக்க அணைத்துவிட்டால் அச்சிட்டதே வீண்.

தாமதமாக வருவோரை மூன்றாம் பாடலுக்கும் நான்காம் பாடலுக்கும் நடுவே உள்ளே விடாதீர்கள். முன்னிசை நீளமானது, மெல்லியது; குரல் ஏதோ பாதிப் பேச்சில் தொடங்குவதுபோல அதற்குள் நுழைகிறது. கதவுச் சத்தம் சரியாக அங்கே விழும். குரல் நின்ற பிறகும் பியானோ தொடர்கிறது. ‘இசை ஓய்ந்தபின் கைதட்டவும்’ என்று நிரலிலேயே போட்டுவிடலாம்.

அச்சுப்படி திருத்தும்போது ஹென்கெலின் பெயர் மெக்கேயின் பாட்டுக்குக் கீழே வந்துவிடவில்லையே என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜெர்மன் கலைப்பாடல் ரசிகர்கள் சிலர்